அணைத்தும் அணையாத கணினி

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கணினி, ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வந்து விழும்வரை காத்திருக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. வாங்கி ஏழு வருடம் ஆயிற்று, இனி புதிதுதான் வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்த சமயத்தில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில், சிபியு வரைபடத்துக்குக் கீழே 'அப் டைம்' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். கணினி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதை நாள், மணி, நிமிடம், வினாடி என்ற வரிசையில் அது காட்டும். அங்கே 41:06:12:33 என்றிருந்தது. அதாவது 41 நாட்கள். ஒவ்வோர் இரவும் நானே என் கையால் ஷட் டவுன் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் நாம் ஷட் டவுன் கொடுக்கும்போது, திறந்திருக்கும் மென்பொருள்கள் மூடப்படுகின்றன. ஆனால் விண்டோஸின் உட்கருவும், கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களும் அந்த நொடியில் எப்படி இருந்தனவோ அப்படியே ஒரு கோப்பாக எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் காலை நினைவகத்தில் திரும்ப ஏற்றப்படுகின்றன. கணினி சட்டென்று எழுவதற்கு இதுதான் காரணம். நேற்று ஏதோ ஒரு டிரைவரில் தேங்கிய கோளாறு இன்றும் கூடவே எழுந்து வருவதற்கும் இதுவே காரணம். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. அன்று ரீஸ்டார்ட் கொடுத்ததும் மந்தத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கணினியில் எந்தக் குறை என்று சொன்னாலும் அணைத்துப் போடச் சொல்லும் நண்பர்களை இத்தனை காலம் கேலி செய்திருக்கிறேன். நான் அணைக்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

மீதிப் பாதிக்கான விடையும் அதே டாஸ்க் மேனேஜரில்தான் கிடைத்தது. 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற பகுதியில், கணினி எழும்போது கூடவே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். என் கணினியில் 17 இருந்தன. பிரிண்டரின் மை அளவைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிண்டர் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. ஒரே ஒரு கூட்டத்தில் கலந்துகொள்வதற்காக நிறுவிய காணொளி அழைப்பு மென்பொருள், யாரும் விளையாடாத ஒரு விளையாட்டின் அப்டேட் நிரல், பாட்டுக் கேட்பதற்கு இரண்டு என்று பட்டியல் நீண்டது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்வது சொற்பம். பதினேழும் ஒரே நேரத்தில் ஹார்டு டிஸ்கைப் பிடித்து இழுத்தால் முதல் ஐந்து நிமிடங்களுக்கு நமக்கு ஒன்றும் மிஞ்சாது. வேண்டாதவற்றின் மேல் வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்தால் போதும். மென்பொருள் நீங்கிவிடாது, நாம் அழைக்கும்போது மட்டும் வரும். ஒலி, டச்பேட், பாதுகாப்பு ஆகியவை தொடர்பானவற்றில் கை வைக்கவில்லை. பெயரை வைத்து இன்னதென்று புரியாத இரண்டை மட்டும், அவை எந்தக் கோப்புறையில் இருக்கின்றன, யார் வெளியிட்டவை என்று பார்த்த பிறகே நிறுத்தினேன்.

அந்தப் பட்டியலில் இருந்த எதுவும் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததல்ல. எல்லாமே நான் எப்போதோ 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று தட்டி உள்ளே விட்டவை. வீட்டுக் கணினியின் வேகமும் சரி, பாதுகாப்பும் சரி, பெரும்பாலும் இந்த அனுமதிகளில்தான் கெடுகின்றன என்பது என் அனுபவம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய அவமானத்தின் வழியாக. பல வருடங்களுக்கு முன், ஒரு காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்காக இலவச மென்பொருள் ஒன்றைத் தேடி, தேடல் முடிவுகளில் முதலில் வந்ததைத் தரவிறக்கினேன். பக்கத்தில் 'டவுன்லோட்' என்று நான்கு பொத்தான்கள் இருந்தன. பெரிதாகவும் பச்சையாகவும் இருந்ததை அழுத்தினேன், அது விளம்பரம். நிறுவும்போது வந்த பெட்டிகளில் ஏற்கெனவே டிக் போட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை. மறுநாள் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியிருந்தது, தலைக்கு மேல் புதிதாக ஒரு கருவிப்பட்டை முளைத்திருந்தது, மூலையில் கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் நிரல் ஒன்று 1,147 பிழைகளைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தது. பணம் கட்டினால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமாம். அந்தப் பிழைகள் என்னவென்று விரித்துப் பார்த்தபோது, பாதி, தளங்கள் விட்டுச்செல்லும் சிறு கோப்புகளான பிரவுசர் குக்கிகள். மீதி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில், நீக்கப்பட்ட மென்பொருள்கள் விட்டுப்போன வரிகள். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி லட்சக்கணக்கான பதிவுகள் கொண்டது. அதில் சில நூறு வரிகள் உபரியாகக் கிடப்பதால் வேகம் குறைவதில்லை, தவறான ஒரு வரியை நீக்கிவிட்டால் மட்டும் கணினி எழாமலே போகலாம். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்கிறது.

நல்ல பெயருள்ள துப்புரவுக் கருவியாக இருந்தாலும், யாரை உள்ளே விடுகிறோம் என்ற கேள்வி அதேதான். 2017-இல் சிசிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, தயாரித்த நிறுவனத்தின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பத்துடனேயே, தாக்குபவர்கள் செருகிய தீநிரலையும் சுமந்துகொண்டு சுமார் ஒரு மாத காலம் விநியோகமாயிற்று. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது போய் அமர்ந்தது. அவற்றின் உரிமையாளர்கள் எவரும் தவறான இடத்திலிருந்து தரவிறக்கவில்லை. ஆகவே, கணினிக்குள் விடும் ஒவ்வொரு நிரலும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நாம் கூடுதலாக நம்ப வேண்டிய ஒருவர். தற்காலிகக் கோப்புகளை அழிக்க விண்டோஸின் அமைப்புகளிலேயே 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இருக்கும்போது, அந்த வேலைக்கு வேறொருவரை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

உண்மையிலேயே வேகம் வேண்டுமென்றால் பணத்தைச் செலவிட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பழைய கணினிகளில் உள்ள ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுகள் சுழலும் தட்டும், அதன் மேல் அலையும் ஒரு முள்ளும் கொண்டது. முள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர ஒவ்வொரு முறையும் சுமார் 10 மில்லி வினாடி ஆகிறது; அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இது 0.1 மில்லி வினாடி அளவுதான். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறுசிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால், இந்த வேறுபாடு பெருகிப் பெருகி நிமிடக் கணக்காகிவிடுகிறது. எங்கள் ஏழு வயதுக் கணினியில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்திய பிறகு, புதிது வாங்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில், சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் மென்பொருளை ஓடவிட வேண்டியதில்லை. தேவையானதை விண்டோஸே பின்னணியில் செய்துகொள்கிறது.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிராசசர் சூடேறி 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறி அலறிக்கொண்டே கணினி மந்தமாக ஓடுகிறதென்றால் வைரஸைத் தேடுவதற்கு முன் விசிறியின் பின்னால் உள்ள, சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகளைப் பார்ப்பது நல்லது. என்னுடையதில் கம்பளி போல ஒரு படலம் இருந்தது. காற்றை ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறி தறிகெட்டுச் சுழன்று கெடாதபடி அதன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி பாதுகாப்பு. இதில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது, சலிப்பூட்டும் அந்த அப்டேட்டைத்தான். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, அந்த அப்டேட் கிடைத்தும் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். 'ரிமைண்ட் மீ லேட்டர்' என்ற பொத்தானை நானும் வாரக்கணக்கில் அழுத்தியிருக்கிறேன். இந்த 59 நாட்களைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பொத்தானைத் தொட்டால் கை கொஞ்சம் தயங்குகிறது. பிரவுசருக்கும் இது பொருந்தும். அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டாலும், மூடித் திறந்தால்தான் புதியது அமலுக்கு வரும். முப்பது தாவல்களைத் திறந்தபடியே வாரம் முழுதும் விட்டுவைப்பவர்கள் பழைய ஓட்டைகளோடுதான் உலவிக்கொண்டிருக்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வருவது, 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கணினி நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதுவே இதிலுள்ள ஏமாற்று. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் தேவை. அவை இல்லாத, ஆனால் உடலில் குறையில்லாத கணினி வைத்திருப்பவர்களுக்கு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்வது ஒரு தற்காலிக வழி. இணையம், கடிதம், கணக்கு என்ற அளவில் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இலவச இயங்குதளம் தாராளமாகப் போதும்.

ஆன்டிவைரஸ் எது வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஏமாற்றம் தருவதாகத்தான் இருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். அதை அணைக்காமல் இருந்தால் சரி. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் பிடித்து வைத்துச் சோதிப்பதால் கணினி திணறுவதுதான் மிச்சம். அதைவிடப் பலன் தருவது, அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது. அப்போது எந்த நிரல் கணினியின் அடிப்படையில் கை வைக்க முயன்றாலும், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். ஒரு படத்தைத் திறக்கப் போனபோது அந்தப் பெட்டி வந்தால், திறந்தது படமல்ல என்று தெரிந்துவிடும்.

படம் போலத் தெரிவது படமல்லாமல் போவதற்கு நீண்ட வரலாறு உண்டு. 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' புழு, காதல் கடிதம் என்ற பெயருடன் மின்னஞ்சலில் இணைப்பாக வந்தது. கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தெரிந்ததால் வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். அதற்கு அப்பால் 'விபிஎஸ்' என்ற இன்னொரு பின்னொட்டு இருந்தது. அது ஸ்கிரிப்ட், திறந்தால் ஓடும். தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும் என்பதால் அது கண்ணில் படவில்லை. இத்தனை வருடம் கழித்தும் விண்டோஸ் அதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறது என்பது எனக்குப் புரியாத விஷயங்களில் ஒன்று. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பட்டியலுக்குள் 'ஷோ' என்பதற்குக் கீழே 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், 'ரசீது.பிடிஎஃப்' என்று நடித்துக்கொண்டிருக்கும் கோப்பு 'ரசீது.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்று முழு உருவத்தைக் காட்டும். புதிதாக எந்தக் கணினியைத் தொட்டாலும் நான் முதலில் மாற்றும் அமைப்பு இதுதான்.

ஒருநாள் அக்கா பதற்றத்தோடு தொலைபேசியில் அழைத்தாள். “தம்பி, கம்ப்யூட்டர் கத்துதுப்பா, அணைக்கவும் கூடாதுன்னு போட்டிருக்கு.” திரை முழுக்கச் சிவப்பு, காதைத் துளைக்கும் எச்சரிக்கை ஒலி, உடனே அழைக்கச் சொல்லி ஓர் எண். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது முழுத்திரையில் விரிந்துகொண்ட ஒரு வலைப்பக்கம், அவ்வளவே. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், அடங்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரையே முடித்துவைக்கச் சொன்னதும் வீடு அமைதியானது. மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்தி எதிலும் தொலைபேசி எண் இருக்காது. அந்த எண்ணை அழைத்தவர்களிடம், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பிறகு, கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து அதிலுள்ள சிவப்புக் குறிகளைக் காட்டி, இத்தனை வைரஸ் என்பார்கள். ஆரோக்கியமான கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அக்காவின் கணினியில், அறிவிப்பு அனுப்ப வேறொரு தளத்துக்கு அவள் என்றோ 'அலோ' கொடுத்திருந்ததால் வலது மூலையில் அடிக்கடி வந்துகொண்டிருந்த 'வைரஸ்' அறிவிப்பு ஒன்றுதான் அந்தப் பக்கத்துக்கு இட்டுச் சென்றிருந்தது. பிரவுசரின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைப் பார்த்தோம், ஒன்பது இருந்தன. அவளுக்கு அறிமுகமானவை இரண்டு.

கடவுச்சொல்லைப் பற்றிச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் பாதியைக் கைவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, ஒரு பெரிய எழுத்தும் ஒரு குறியீடும் கட்டாயம் வை என்பவற்றை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-இலேயே தன் வழிகாட்டுதலிலிருந்து விலக்கிவிட்டது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். உண்மையான ஆபத்து, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது. 2009-இல் ராக்யூ என்ற தளத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியேறின. அவற்றில் முதலிடம் '123456'-க்கு. அப்படிக் கசிந்த பட்டியல்களை எடுத்து மின்னஞ்சல், வங்கி என்று எல்லாக் கதவுகளிலும் போட்டுப் பார்ப்பது இன்று இயந்திர வேலை. பிட்வார்டன், கீபாஸ் போன்ற ஒரு கடவுச்சொல் பெட்டகம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு சொல் தானாக அமைந்துவிடும். பெட்டகத்தைத் திறக்கும் கடவுச்சொல்லாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டினால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். பழமொழியோ பாட்டு வரியோ கூடாது. இதெல்லாம் முடியாத பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வதை நான் தடுப்பதில்லை. கடல் கடந்து இருக்கும் திருடனால் அந்த நோட்டைப் புரட்ட முடியாது. மின்னஞ்சலுக்கு மட்டுமாவது, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு அவசியம், ஏனெனில் மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றும் வழி அதன் வழியாகத்தான் போகிறது.

ரூட்டரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் மாறாமலிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் ஏறத்தாழ 60 ஜோடிச் சொற்களை மட்டும் முயன்று பிடித்தது. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும்.

இத்தனையும் செய்த பிறகும் ஹார்டு டிஸ்க் ஒருநாள் டக் டக் என்று சத்தமிட்டு நின்றுவிடலாம். விண்டோஸை மறுபடி நிறுவலாம், கணினியையே மறுபடி வாங்கலாம். படங்களை மறுபடி எடுக்க முடியாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற கணக்கைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பினார். நான் கணினி, வெளி ஹார்டு டிஸ்க், மேகச் சேமிப்பு என்று வைத்திருக்கிறேன். மேகம் மட்டும் போதாது, ஏனெனில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பல சேவைகளில் அழித்ததை மீட்க 30 நாட்கள்தான் அவகாசம். வெளி டிஸ்கைக் கணினியில் செருகியே வைத்திருந்தால் பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும், ஆகவே வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கணினியில், டிஸ்கையே பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். மதர்போர்டு போன பிறகு தேடினால், டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே போக முடியாது.

இரண்டு வருடம் தவறாமல் பேக்கப் எடுத்துவந்த நான், ஒருமுறை பழைய படம் ஒன்று தேவைப்பட்டு வெளி டிஸ்கைத் திறந்தபோது, படங்களுக்கான கோப்புறை வெறுமையாக இருந்தது. இடையில் படங்களையெல்லாம் இன்னொரு டிரைவுக்கு மாற்றியிருக்கிறேன். பேக்கப் நிரலோ பழைய முகவரியில் இருந்த காலிக் கோப்புறையை ஒவ்வொரு வாரமும் வெற்றிகரமாக நகலெடுத்து, பச்சைக் குறியும் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் முடிந்ததும், அதிலிருந்தே ஏதாவதொரு கோப்பைத் திறந்து பார்க்கிறேன். இந்த மாதம் கைக்கு அகப்பட்டது 2014-இல் ஸ்கேன் செய்த ஒரு ரசீது. திறந்தது, எழுத்துகள் தெளிவாக இருந்தன. டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கணினிக்கு ரீஸ்டார்ட் கொடுத்தேன்.